எலும்புக்குத் தாய்ப்பத்திரம் கேளுங்கள்

நான்கு வருடங்களுக்கு முன்பு இங்கே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். இணையத்தில் வாங்கிய குகைக்கரடித் தாடை ஒன்றைப் பற்றியது. வலது பக்கக் கீழ்த்தாடை. கூடவே வந்த சான்றிதழில் 'ருமேனியா, கார்பாத்திய மலைக் குகை, 40,000 ஆண்டுகள்' என்று அச்சிட்டிருந்தது. கடைசிக் கடைவாய்ப்பல் நன்றாகத் தேய்ந்திருந்ததை வைத்து, இது வயதான கரடி, மண்ணும் மணலும் கலந்த கிழங்குகளை அரைத்துத் தின்றே பல் போயிருக்கிறது என்றெல்லாம் இரண்டு பத்தி விளக்கியிருந்தேன். சிலர் பாராட்டவும் செய்தார்கள்.

அந்தக் குறிப்பை இப்போது திரும்பப் பெறுகிறேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. என் தாடையை விடப் பெரிய இரண்டு கதைகளை வைத்து இதைச் சொன்னால் தெளிவாக இருக்கும். ஒன்று, விலைக்கு வாங்கிய பல்லால் அறிவியல் ஜெயித்த கதை. இன்னொன்று, ஒரு மண்டையோட்டால் அறிவியல் தலைகுனிந்த கதை.

முதலில் என் கதையை முடித்துவிடுகிறேன். என் மச்சான் பல் மருத்துவர். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது அலமாரியில் இருந்த தாடையைக் கையில் எடுத்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "மாப்ள, இது ஒரு வாய்ப் பல்லு இல்ல. கடைசிப் பல்லு தேஞ்சு கெடக்கு. அதுக்கு ரெண்டு பல்லு முன்னாடி இருக்கிறது புதுசா இருக்கு. எந்தப் பல்லு முதல்ல மொளைக்கும்?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிரந்தரக் கடைவாய்ப்பற்களில் முதலாவதுதான் முதலில் முளைக்கும், மூன்றாவது கடைசியில். மனிதனுக்கும் அப்படித்தான், கரடிக்கும் அப்படித்தான். ஆகவே தேய்மானமும் அதே வரிசையில்தான் இருக்கவேண்டும். முதல் பல் அதிகம், மூன்றாவது குறைவு. என் தாடையில் இது தலைகீழாக இருந்தது. புற ஊதா விளக்கை அடித்துப் பார்த்தேன். முதல் கடைவாய்ப்பல்லின் வேரைச் சுற்றிப் பசை வெளிர்நீலமாகப் பளிச்சென்று தெரிந்தது. குறைந்தது இரண்டு கரடிகளின் பற்களை ஒரே தாடையில் சொருகியிருக்கிறார்கள். நான் எழுதிய 'வயதான கரடி' எந்தக் காட்டிலும் நடமாடியதே இல்லை.

இதில் எனக்கு வலித்தது பணம் போனது இல்லை. வாங்கியபோது எல்லாச் சோதனைகளையும் செய்திருந்தேன் என்பதுதான். எல்லாவற்றிலும் தாடை பாஸ்!

அந்தச் சோதனைகள் என்ன? ஃபாசில் வாங்குகிறவர்கள் அடிக்கடி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்பவைதான். சூடான ஊசியை மறைவான இடத்தில் வைத்துப் பார்ப்பது: ரெசின் என்றால் உருகும், பிளாஸ்டிக் வாடை வரும். லென்ஸ் வைத்துப் பார்ப்பது: எலும்பு என்றால் நுண்துளைகள் இருக்கும், வார்ப்பு என்றால் காற்றுக்குமிழியோ அச்சுக் கோடோ தெரியும். நாக்கில் ஒட்டிப் பார்ப்பது: துளையுள்ள பழைய எலும்பு லேசாக ஒட்டும். (எந்தக் குகை மண், எந்த ரசாயனம் என்று தெரியாமல் இதைச் செய்யவே வேண்டாம்.) பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைப்பது: பூசிய சாயமும் சில வகைப் பசைகளும் கரைந்து வரும்.

எல்லாமே உபயோகமானவைதான். ஆனால் இவை பதில் சொல்லும் கேள்வி எது என்று பாருங்கள். 'இது எலும்பா, பிளாஸ்டிக்கா?' அவ்வளவுதான். என் தாடை எலும்புதான். பற்கள் பற்கள்தான். குகைக்கரடியுடையவையும்தான்: வளர்ந்த குகைக்கரடிக்கு கோரைப்பல்லுக்குப் பின்னால் வரவேண்டிய முதல் மூன்று முன்கடைவாய்ப்பற்கள் பெரும்பாலும் இருக்காது, அந்த இடம் வெறும் இடைவெளியாக இருக்கும். பழுப்புக் கரடிக்கு அங்கே சிறு பற்களோ அவை இருந்த குழிகளோ காணக்கிடைக்கும். என் தாடையில் இருந்தது வெற்று இடைவெளி. ஆக ஒவ்வொரு துண்டும் அசல். மொத்தம்தான் பொய்.

ஊசிச் சோதனையில் இன்னொரு சிக்கலும் உண்டு. முடி கருகிய வாடை வந்தால் அது 'புது எலும்பு, ஆகவே போலி' என்று பலர் சொல்கிறார்கள். இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பனியுகத்து எலும்புகள் எல்லாமே கல்லாக மாறிவிடவில்லை. சைபீரிய உறைமண்ணில் கிடைக்கும் மாமூத் எலும்பிலும் தந்தத்திலும் கொலாஜென் என்ற புரதம் இன்னும் இருக்கிறது. சுட்டால் வாடை வரத்தான் செய்யும். அதை வைத்து அசலைப் போலி என்று தூக்கிப்போட்டவர்களும் இருப்பார்கள். மாமூத் தந்தத்துக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் ஷ்ரேகர் கோடுகளை, தந்தத்தின் வெளிவிளிம்புப் பக்கமாக அளக்கவேண்டும். கோணம் 90 டிகிரிக்குக் கீழே என்றால் மாமூத், 115-க்கு மேலே என்றால் இன்றைய யானை. நடுவில் வந்தால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பொருளின் உள்ளமைப்பையே கேட்கும் சோதனை இது. ஆனால் இதுவும் 'எந்த விலங்கு' என்று சொல்லுமே தவிர, 'எந்த இடம், எந்த அடுக்கு' என்று சொல்லாது.

இப்போது ஜெயித்த கதை.

சீன மருந்துக்கடைகளில் 'டிராகன் எலும்பு' என்று பழைய எலும்புகளையும் பற்களையும் விற்பது நெடுநாள் வழக்கம். பொடித்து மருந்தில் சேர்ப்பார்கள். கார்ல் ஹேபரர் என்ற ஜெர்மானியர் இப்படிக் கடைகளில் வாங்கிச் சேர்த்த பெரிய தொகுப்பை, மியூனிக்கில் மாக்ஸ் ஷ்லோசர் ஆராய்ந்து 1903-ல் வெளியிட்டார். பெரும்பாலும் பாலூட்டிகள். அதில் ஒரே ஒரு கடைவாய்ப்பல் மனிதனுடையது போலவும் இருந்தது, வாலில்லாக் குரங்கினுடையது போலவும் இருந்தது. ஷ்லோசர் என்ன செய்தார்? கேள்விக்குறி போட்டு விட்டுவிட்டார். எனக்கு அந்தக் கேள்விக்குறி மேல் பெரிய மரியாதை உண்டு. கடையில் வாங்கிய பல்லுக்கு அதற்கு மேல் எழுத உரிமை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

1935-ல் கோனிக்ஸ்வால்ட் ஹாங்காங் மருந்துக்கடை ஒன்றில் பெரிய கடைவாய்ப்பல் ஒன்றைப் பார்த்தார். கொரில்லாவின் பல்லை விடப் பெரியது. வாங்கினார். பெய்ஜிங்கில் வேலை செய்து முந்தின வருடம் இறந்துபோன டேவிட்சன் பிளாக் நினைவாக 'ஜைகாண்டோபிதிகஸ் பிளாக்கி' என்று பெயர் வைத்தார். பொருள் ராட்சசக் குரங்கு. கடையில் வாங்கிய ஒரு பல்லை வைத்து ஒரு பேரினத்துக்கே பெயர் வைப்பது எவ்வளவு துணிச்சல்! ஆனால் அந்தத் துணிச்சலுக்கு ஓர் எல்லை இருந்தது. பல்லின் அளவும் வடிவமும் தடித்த எனாமலும் பல்லிலேயே இருப்பவை. இடம் மாறினாலும் அவை மாறாது. புது விலங்கு என்று சொல்ல அவை போதும்.

இடத்தைப் பற்றியும் அந்தப் பற்களே கொஞ்சம் பேசின. இந்த வகைப் பற்கள் பெரும்பாலும் வேரே இல்லாமல்தான் வரும். முள்ளம்பன்றிகள் எலும்புகளைக் குகைக்குள் இழுத்துப்போய்க் கொறிக்கும். தாடையும் வேரும் போய்விடும், கடினமான எனாமல் மட்டும் மிஞ்சும். ஒட்டியிருக்கும் மண்ணும் தென்சீனக் குகைகளைக் காட்டியது. ஆனால் 'தென்சீனக் குகை' என்பது திசைதான், முகவரி இல்லை.

முகவரி கிடைக்க இருபது வருடம் ஆனது. பெய் வென்ஷொங் குழுவினர் 1950-களின் நடுவில் குவாங்சியில் குகை குகையாகத் தேடினார்கள். லியுசெங் குகையில் மூன்று கீழ்த்தாடைகளும் நூற்றுக்கணக்கான பற்களும் மண்ணோடு, அடுக்கோடு கிடைத்தன. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? ஃபிரான்ஸ் வைடன்ரைக் என்ற பெரிய மேதை, அதே சில கடைப்பற்களை வைத்து, இது குரங்கே இல்லை, மனிதனின் ராட்சச மூதாதை என்று எழுதினார். பல் மாறவில்லை, அதன் மேல் ஏற்றிய சுமைதான் மாறியது. தாடைகள் வெளியே வந்தபிறகு அந்தக் கட்டடம் நிற்கவில்லை. 2019-ல், சுயிஃபெங் குகையில் கிடைத்த, ஏறக்குறைய 19 லட்சம் ஆண்டுப் பழைய பல்லின் எனாமலிலிருந்து புரதத்தையே எடுத்து, இது ஓராங்குட்டானின் உறவு என்று காட்டிவிட்டார்கள். அந்த 19 லட்சம் என்ற எண்ணைச் சொல்ல முடிந்தது பல் எந்தக் குகையில் கிடைத்தது என்று தெரிந்ததால்தான். ஹாங்காங் பல்லுக்கு அப்படி ஒரு எண்ணை அன்றைக்கு யாராலும் கொடுத்திருக்க முடியாது.

இனி தோற்ற கதை.

2008 டிசம்பர் கடைசியில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் பெர் கிறிஸ்டியன்சன், ஜி மசாக். சீனாவின் கான்சு மாகாணத்து லின்சியாப் படுகையிலிருந்து ஒரு சிவிங்கிப்புலி மண்டையோடு. வயது 22 முதல் 25 லட்சம் ஆண்டுகள். பெயர் 'அசினோனிக்ஸ் குர்டெனி'. கட்டுரையின் வாதம் இதுதான்: மண்டையோட்டின் வடிவம் சிவிங்கிப்புலியுடையது, ஆனால் பற்களில் இதுவரை எந்தச் சிவிங்கியிலும் காணாத பழங்கால அம்சங்கள் இருக்கின்றன. ஆகவே தெரிந்தவற்றிலேயே ஆதியான சிவிங்கிப்புலி இதுதான். ஆகவே சிவிங்கிகளின் பூர்வீகம் அமெரிக்கா இல்லை, பழைய உலகம்தான்.

படித்துக்கொண்டு வரும்போது ஒவ்வொரு படியும் ஒழுங்காக இருக்கும். அளவுகள் இருக்கின்றன, ஒப்பீடு இருக்கிறது, மரபுக்கிளை வரைபடம் இருக்கிறது. ஆனால் சீன ஆய்வாளர்களுக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம். லின்சியா மண்ணையும் அங்கே எலும்புகள் எப்படிக் கைமாறுகின்றன என்பதையும் அறிந்த டெங் தாவோ போன்றவர்கள், இது ஒட்டுவேலை என்று சொன்னார்கள். 2012-ல் மசாக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பல துண்டுகளைச் சேர்த்துச் செய்த கலவை அது. லோயஸ் என்ற காற்றடித்துப் படிந்த மண்ணிலிருந்து வந்ததும் இல்லை, அதைவிடப் பழைய பின்மயோசீன் காலத்துச் செம்மண் படிவிலிருந்து வந்தது. பின்மயோசீன் என்றால் குறைந்தது 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன். வயதிலேயே இரண்டு மடங்குக்கு மேல் பிழை!

என் விமர்சனம் அவர்கள் ஏமாந்தார்கள் என்பதல்ல. நல்ல கைவேலைக்காரனிடம் யாரும் ஏமாறலாம். என் தாடையைப் பார்த்து நானும் ஏமாந்தேன். பிரச்சினை வேறு. முன்னேறிய மண்டை, பழங்காலப் பல் என்ற பொருந்தாத சேர்க்கையைப் பார்த்தபோது, அது அபாய மணியாக ஒலித்திருக்கவேண்டும். கட்டுரையில் அதுவே கண்டுபிடிப்பு ஆகிவிட்டது. நான் தேய்ந்த கடைசிப் பல்லைப் பார்த்து 'வயதான கரடி' என்று எழுதினேனே, அச்சு அசலாக அதே தப்பு. யாரோ பட்டறையில் பசை போட்டுச் செய்ததற்கு, பரிணாமத்தில் காரணம் தேடியிருக்கிறோம்.

விளக்க முடியாத சேர்க்கையைப் பார்த்தால் முதலில் கேட்கவேண்டியது, 'இது இரண்டு விலங்காக இருக்குமோ?' என்பது. மண்ணோடு, அடுக்கோடு, படத்தோடு தோண்டி எடுத்த எலும்பு என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் களக்குறிப்பிலேயே இருக்கும். யாரோ எடுத்து, யாரோ கழுவி, யாரோ 'சரி' செய்து கைக்கு வந்த எலும்பு என்றால், இந்தக் கேள்வியைத் தாண்டாமல் அடுத்த வரி எழுதக்கூடாது.

நான் மென்பொருள்காரன், அதனால் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. நேரமும் சர்வர் பெயரும் வெட்டப்பட்ட ஒரு லாக் வரி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியில் என்ன பிழை என்று படிக்கலாம். எப்போது, எந்த மெஷினில் வந்தது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. அதை யாரிடமாவது கேட்டு நாமே எழுதிச் சேர்த்தால், அது லாக் இல்லை, வாய்மொழி.

இடம் பொய் என்றால் அசல் எலும்பே எவ்வளவு கேடு செய்யும் என்பதற்கு பில்ட்டவுனை விடச் சிறந்த உதாரணம் இல்லை. 1912-ல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்ட அந்த 'ஆதிமனிதன்' மனித மண்டையும் ஓராங்குட்டான் தாடையும் சேர்ந்த மோசடி என்பது எல்லோருக்கும் தெரியும். 1953-ல் அதை உடைத்தார்கள். அவ்வளவாகப் பேசப்படாத பகுதி, அதே குழியில் கிடைத்த பாலூட்டிப் புதைபடிவங்கள். யானைப் பல், நீர்யானைப் பல் எல்லாம் அசல். அவைதான் அந்தச் சரளை மண் மிகப் பழையது என்பதற்குச் சாட்சியாக நின்றன. பின்னால் கதிரியக்கத்தை அளந்தபோது, யானைப் பல்லில் இங்கிலாந்துப் பற்களில் காணாத அளவு யுரேனியம் இருந்தது. துனீசியாவின் இஷ்குல் பகுதியிலிருந்து வந்திருக்கவேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். யாரோ எங்கேயோ கிடைத்த அசல் பல்லைக் கொண்டுவந்து குழியில் போட்டிருக்கிறார்கள். ஊசி வைத்தால் பாஸ், லென்ஸ் வைத்தால் பாஸ்.

இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. மண்ணுக்குள் கிடக்கும் எலும்பு நிலத்தடி நீரிலிருந்து ஃபுளோரினையும் யுரேனியத்தையும் மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. ஒரே குழியில் ஒரே காலம் கிடந்தவை ஏறக்குறைய ஒரே அளவு வாங்கியிருக்கும். ஆகவே 'இவை சேர்ந்து கிடந்தவையா?' என்று எலும்பையே கேட்கலாம். பில்ட்டவுனின் முடிச்சு அவிழத் தொடங்கியதே கென்னத் ஓக்லி செய்த ஃபுளோரின் அளவீட்டில்தான். ஆனால் இதுவும் 'சேர்ந்தவை இல்லை' என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு 'இந்த ஊர்தான்' என்று சொல்லாது. பொய்யை உடைக்க ஆய்வகம் உதவும். தொலைந்த முகவரியை முழுதாகத் திருப்பித் தராது.

'நதிமூலம் ரிஷிமூலம் கேட்காதே' என்பார்கள். எலும்பு விஷயத்தில் அது செல்லாது. நாம் ஒரு சென்ட் இடம் வாங்கினால்கூட என்ன செய்கிறோம்? தாய்ப்பத்திரம் கேட்கிறோம். முப்பது வருட வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். விற்கிறவரே ஒரு காகிதத்தில் 'இந்த நிலம் என்னுடையதுதான், உத்தரவாதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒப்புக்கொள்வோமா? ஃபாசில் வியாபாரத்தில் சர்டிபிகேட் என்பது பெரும்பாலும் அதுதான். விற்றவர் தன் பொருளைப் பற்றித் தானே எழுதிக்கொண்டது. அதை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருந்தேன், என்னத்தைச் சொல்ல!

அதனால் வாங்கவே கூடாதா என்று கேட்டால், ஒரு பல்லைக் கையில் வைத்துப் பார்க்கும் சந்தோஷத்தை நான் மறுக்கமாட்டேன். ஆனால் வாங்கும் முன் நான் இனிமேல் கேட்கப்போவது இவை. யார் தோண்டினார்கள், எந்தக் குகை அல்லது எந்தக் குவாரி, எந்த வருடம்? அந்த நாட்டிலிருந்து அதை வெளியே கொண்டுவர அனுமதி இருந்ததா? சுத்தம் செய்யும் முன் எடுத்த படம் இருக்கிறதா? எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறீர்கள், எங்கெல்லாம் நிரப்பியிருக்கிறீர்கள்? ஒட்டுவது குற்றமில்லை, அருங்காட்சியகங்களிலும் ஒட்டுகிறார்கள். ஒட்டியதைச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம். இடதும் வலதும், மேலும் கீழும், தேய்மானமும் முளைக்கும் வரிசையும் ஒத்துப்போகின்றனவா என்று வாங்கியபிறகு நானே பார்ப்பேன். முழுசாக, பளபளவென்று, ஒரு பல்லும் குறையாமல் இருக்கும் தாடையை விட, உடைந்த ஒற்றைப் பல் நம்பகமானது. ஒற்றைப் பல்லில் ஒட்ட அதிகம் இடமில்லை.

பதில் கிடைக்காதபோது, எழுதுவதையாவது பல் தாங்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். ஷ்லோசர் போட்டாரே, அந்தக் கேள்விக்குறி.

என் பழைய குறிப்பை அழிக்கவில்லை. அதன் மேலே, தாடை குறைந்தது இரண்டு கரடிகளின் கலவை, இடமும் வயதும் விற்றவர் சொன்னவை மட்டுமே, முடிவுகள் செல்லாது என்று எழுதிச் சேர்த்திருக்கிறேன். தாடை அலமாரியிலேயே இருக்கிறது. அதன் முன்னால் இருந்த அட்டையை மட்டும் மாற்றிவிட்டேன். 'குகைக்கரடி, கார்பாத்தியம், 40,000 ஆண்டுகள்' என்று இருந்த இடத்தில் இப்போது இப்படி இருக்கிறது: 'குகைக்கரடிகள் (குறைந்தது இரண்டு). இடம்? காலம்?'

மச்சான் அடுத்த முறை வந்தபோது அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இப்பதான் மாப்ள உண்மையைச் சொல்லுது" என்றார்.